சி டிரைவ் நிரம்பிவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது: ஃபார்மட் போடாமல் இடம் மாற்ற முடியுமா?

பள்ளத்தூரில் டிடிபி சென்டர் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். கணினியில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சி டிரைவ் 100 ஜிபி; அதில் 3 ஜிபிதான் மிச்சம், கோடு சிவப்பாகிவிட்டது. டி டிரைவ் 365 ஜிபி. அதில் 90 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. ஏதோ வீடியோவைப் பார்த்து டி-யை 100 ஜிபி சுருக்கிவிட்டார். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் யாருக்கும் ஒதுக்காத இடமாக, கறுப்புப் பட்டையில் 100 ஜிபி வந்து நிற்கிறது. ஆனால் சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிப்போய், அழுத்த முடியாமல் இருக்கிறது. சர்வீஸ் கடையில் "ஃபார்மட் போட்டுத்தான் ஆகணும்" என்கிறார்களாம். போட்டால் பேஜ்மேக்கர், கோரல்டிரா, யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கல்யாணப் பத்திரிகை வேலை நெருக்கும் நேரத்தில் இது ஆகிற காரியமா?

அவர் கேட்டது 'முடியுமா' என்று. முடியும். ஆனால் அவருடைய உண்மையான குழப்பம் வேறு: கண்ணெதிரே 100 ஜிபி சும்மா கிடக்கிறதே, அதை சி ஏன் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது? அது விளங்கிவிட்டால் மீதி வேலையை அவரே செய்துகொள்வார். காரைக்குடியில் 20 வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஃபார்மட் போட்டே தீர வேண்டும் என்று வந்த டிரைவ் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவைப்பட்டதே இல்லை. ஃபார்மட் போடுவது கடைக்காரருக்குக் கை பழகிய வேலை, அவ்வளவுதான். (500 என்று வாங்கியது கூட்டிப் பார்த்தால் 465 தான் வருகிறதே என்று சந்தேகம் வேண்டாம். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. இடம் எங்கும் போகவில்லை.)

நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். டிஸ்க்கும் இப்படி ஒரே வரிசைதான். சி என்பது வளவு. டி என்பது அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு. நீங்கள் டி-யைச் சுருக்கியபோது விண்டோஸ் அதன் வால்பக்கத்தில் இருந்துதான் இடத்தை விடுவித்தது. அது எப்போதும் அப்படித்தான் செய்யும். அதாவது காலி இடம் பின்தெரு வாசல் பக்கம் கிடக்கிறது. வளவைப் பெரிதாக்க வேண்டுமானால் வளவுச் சுவரை ஒட்டி இடம் இருக்க வேண்டும். நடுவில் இரண்டாங்கட்டு முழுசாக நிற்கும்போது பின்வாசலில் எத்தனை குழி நிலம் கிடந்து என்ன பயன்? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் எக்ஸ்டெண்ட் வேலை செய்ய, சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல கறுப்புப் பட்டை இருந்தாக வேண்டும். மங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை.

இனி எது ஆபத்தில்லாதது, எது ஆபத்தானது என்று பார்ப்போம். ஒரு பார்ட்டிஷனின், அதாவது சி, டி என்று டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியின், முடிவு எல்லையை மாற்றுவது ஒரு வேலை. அதன் தொடக்க எல்லையை மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. முடிவை வலப்பக்கம் நீட்டும்போது கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லை எழுதி வைத்த இடத்தில் சில எண்கள் மாறும். சில நொடிகளில் முடிந்துவிடும். முடிவை உள்ளே இழுத்துச் சுருக்கும்போது கடைசியில் கிடக்கும் கோப்புகளை விண்டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளும். இதுவும் விண்டோஸே தன் கணக்கை வைத்துக்கொண்டு செய்கிற வேலை, பெரிய பயம் இல்லை. ஆனால் தொடக்கத்தை மாற்றுவது என்றால் உள்ளே இருக்கிற அத்தனையையும் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். விண்டோஸின் சொந்தக் கருவி இதைச் செய்யவே செய்யாது. ஜிபார்ட்டெட் போன்ற கருவிகளும், இணையத்தில் கிடைக்கும் பார்ட்டிஷன் மேனேஜர்களும் செய்யும். வீடியோக்களில் சி-க்கும் டி-க்கும் நடுவில் உள்ள கோட்டை மவுஸால் இழுத்துவிட்டு 'அப்ளை' அழுத்துகிறார்களே, அந்த ஒரு இழுப்புக்குப் பின்னால் நடப்பது இந்த இடம் பெயர்ப்புதான். பல மணி நேரம் ஓடும். முக்கால்வாசி ஓடியிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி டேட்டா பழைய இடத்தில், பாதி புது இடத்தில்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் கோட்டையூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. டி-யில் முழுக்கப் புகைப்படங்கள். நான்தான் டி-யின் தொடக்கத்தை நகர்த்தக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். யுபிஎஸ் இருந்தது, அதன் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது யாருக்கும் தெரியாது. மழை இருட்டி ஒரு வெட்டு வெட்டியது, அவ்வளவுதான். ஒரு சாந்திக் கல்யாணத்தின் படங்கள் அதில் இருந்தன, ஆல்பம் இன்னும் போட்டிருக்கவில்லை. டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டிப் பார்த்தேன். அது தொலைந்துபோன எல்லைகளைக் கண்டுபிடித்துத் தரும், ஆனால் இங்கே தொலைந்தது எல்லை மட்டும் இல்லையே. அதோடு சேர்ந்து வரும் ஃபோட்டோரெக் கொஞ்சம் படங்களை மீட்டது, பெயரும் தேதியும் இல்லாமல் குவியலாக. மாலை மாற்றும் படங்கள் கடைசிவரை வரவில்லை. கல்யாண வீட்டு ஆச்சி என்னைத் திட்டவில்லை, "போகுது விடுப்பா" என்று சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அன்று முதல், டேட்டா உள்ள பெரிய பார்ட்டிஷனின் தொடக்கத்தை நான் நகர்த்துவதே இல்லை.

சரி, நகர்த்தாமல் எப்படி? இரண்டாங்கட்டைப் பெயர்க்க வேண்டாம். அதிலிருக்கிற சாமான்களைப் பின்பக்கம் புதிதாகக் கட்டிய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய இரண்டாங்கட்டை இடித்து வளவோடு சேர்த்துவிடலாம். உங்கள் கணக்குக்கு இது அழகாகப் பொருந்துகிறது. டி-யில் இப்போது 265 ஜிபி இருக்கிறது, உள்ளே 90 ஜிபி சரக்கு. டி-யை இன்னும் 120 ஜிபி சுருக்குங்கள். ஏற்கெனவே உள்ள கறுப்புப் பட்டையோடு அது ஒட்டிக்கொண்டு 220 ஜிபி ஆகும். அந்த 220-இல் 'நியூ சிம்பிள் வால்யூம்' போட்டு இ என்று பெயர் வையுங்கள். டி-யில் உள்ளதை எல்லாம் இ-க்கு நகலெடுங்கள். கட் செய்யக்கூடாது, காப்பிதான். ஒரே டிஸ்க்கில் படித்து ஒரே டிஸ்க்கில் எழுதுவதால் மெதுவாகத்தான் போகும், ஓரிரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, பத்துப் பதினைந்து ஃபைல்களை இ-யிலிருந்து திறந்து பாருங்கள். திருப்தியானால் டி-யை 'டெலிட் வால்யூம்' செய்யுங்கள். இப்போது கறுப்பு இடம் சி-யின் பக்கம் வந்துவிட்டது. எக்ஸ்டெண்ட் உயிர்பெறும். சி 245 ஜிபி ஆகும். அப்புறம் இ-யின் எழுத்தை டி என்று மாற்றிவிடுங்கள். பழைய ஷார்ட்கட்டுகளும், கோரல்டிராவில் கடைசியாகத் திறந்த ஃபைல்களும், டி-யில் ஏதாவது மென்பொருள் போட்டிருந்தால் அதுவும் வழி மாறாமல் கிடைக்க அந்த எழுத்து முக்கியம்.

சுருக்கும்போது 120 கேட்டால் அதைவிடக் குறைவாகத்தான் தருவேன் என்று விண்டோஸ் சொல்லலாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கும்: டி-யில் பேஜ்ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) வைத்திருந்தால் அது, சிஸ்டம் ரீஸ்டோருக்கான நகல்கள், விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ்-இன் சொந்தக் கணக்கேடு. பேஜ்ஃபைலையும் டி-க்கான சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் நிறுத்திவிட்டு, கணினியை அணைத்துக் கிளப்பி, மறுபடி சுருக்க முயன்று பாருங்கள். எந்தக் கோப்பு தடுத்தது என்பது ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணில் எழுதியிருக்கும். அப்படியும் வரவில்லையா, கவலை இல்லை. இருக்கிற 100 ஜிபியிலேயே உங்கள் 90 ஜிபி நெருக்கி அடித்து உட்கார்ந்துவிடும். சி மிகப் பெரிதாகவும் டி சிறிதாகவும் அமையும், அவ்வளவே.

இதில் ஒன்றை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் திரையைப் பார்த்தால்தான் தெரியும். சி-க்கும் டி-க்கும் நடுவில் 500 எம்பி அளவில் சின்னதாக 'ரெக்கவரி பார்ட்டிஷன்' என்று ஒன்று நிற்கிறதா? விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட்கள் சில நேரம் சி-யின் வாலில் கொஞ்சம் கிள்ளி இதை உண்டாக்கிவிடும். வெளிநாட்டில் இருக்கிற பங்காளி பூட்டிவைத்துவிட்டுப் போன அறை மாதிரி. வருடத்துக்கு ஒருமுறைகூடத் திறக்க மாட்டார்கள், ஆனால் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இது இருந்தால் டி-யை அழித்த பிறகும் எக்ஸ்டெண்ட் மங்கியேதான் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் இதை அழிக்க வழி தராது.

கமாண்ட் லைனில் வலுக்கட்டாயமாக அழித்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அழித்தாலும் விண்டோஸ் ஓடும்தான். ஆனால் ஒரு நாள் விண்டோஸ் கிளம்பாமல் நின்றால் பழுது பார்க்கும் திரை வராது. அதனால் நான் அழிப்பதில்லை, ஒதுக்கி வைப்பேன். தொடக்கத்தை நகர்த்தக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்போது நகர்த்தச் சொல்கிறேனே என்றால், இது அரை ஜிபி, ஒரு நிமிட வேலை, உள்ளே உங்கள் சொந்தப் பொருள் எதுவும் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரீஏஜென்ட்சி (reagentc) என்ற கட்டளையால் ரெக்கவரியை முதலில் டிஸேபிள் செய்யுங்கள். அதன் கோப்பு தற்காலிகமாக சி-க்குள் வந்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்து முழுசாக அணையுங்கள். வெறுமனே ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் வெளியிலிருந்து டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது. பென்டிரைவில் ஏற்றிய ஜிபார்ட்டெட்டில் கிளம்பி, அந்தச் சின்னப் பட்டையைக் காலி இடத்தின் வலது ஓரத்துக்கு, இ-யை ஒட்டித் தள்ளுங்கள். அப்படியே 1 ஜிபி ஆகப் பெரிதாக்கியும் விடலாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் பல கணினிகளில் ஏறாமல் பிழை காட்டிக்கொண்டே இருந்தது. அதை 250 எம்பி பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே வழிமுறை வெளியிட்டது. விண்டோஸுக்குத் திரும்பி சி-யை எக்ஸ்டெண்ட் செய்துவிட்டு, ரீஏஜென்ட்சியால் ரெக்கவரியை மறுபடி எனேபிள் செய்யுங்கள்.

தவறி விழக்கூடிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சில வேலைகளின் நடுவே விண்டோஸ் 'இந்த டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றப் போகிறேன்' என்று கேட்கும். யெஸ் அழுத்திவிட்டால் இடம் கிடைத்தது போலத்தான் தெரியும். திரும்ப பேசிக் டிஸ்க்காக மாற்றுவதற்கு விண்டோஸில் எல்லா வால்யூம்களையும் அழிப்பது ஒன்றுதான் வழி. நோ கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்குகளில் இன்னொரு சிக்கல்: டி ஒரு பச்சைக் கட்டத்துக்குள் இருக்கும், அதை அழித்தால் கறுப்புக்குப் பதில் வெளிர்ப் பச்சையில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' வரும். அது இன்னும் அந்தக் கட்டத்துக்குள் உள்ள இடம், சி-க்குக் கிடைக்காது. உங்களுக்குக் கறுப்பில் வந்ததாகச் சொல்வதால் நீங்கள் இதில் மாட்டவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் சி-யின் படத்தில் பூட்டு தெரிகிறதா பாருங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள். விண்டோஸ் 11 போட்ட புதுக் கணினிகளில் சொந்தக்காரருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தொடங்கும் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்றால் மேலே போகலாம். மஞ்சளில் 'காஷன்' என்றால், குறிப்பாக பெண்டிங் செக்டார் (டிஸ்க் படிக்கத் தடுமாறும் இடங்கள்) எண்ணிக்கை பூஜ்ஜியமாக இல்லை என்றால், நான் மேலே சொன்னது எதற்கும் பொறுப்பேற்க முடியாது. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் கோப்புகளைத் தள்ளுவதும் நகலெடுப்பதும் அதை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். அப்போது செய்ய வேண்டியது முக்கியமான ஃபைல்களை வெளியே எடுப்பது மட்டும்தான். டிஸ்க் நன்றாக இருந்தாலும் உங்கள் வாடிக்கையாளர்களின் வேலைகளையும், அந்தப் பழைய எழுத்துரு ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். டி-யிலிருந்து இ-க்கு எடுத்தோமே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே டிஸ்க், போனால் சேர்ந்தே போகும். அப்புறம் நம் பக்கத்து மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும், ஐப்பசி மழையில் வானம் இருட்டும் மாலையிலும் இந்த வேலை வேண்டாம். யுபிஎஸ் இருந்தால் ஒருமுறை சுவர் ஸ்விட்சை அணைத்து, அது உண்மையில் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஒருவேளை இவ்வளவும் தேவைப்படாமலும் போகலாம். 100 ஜிபியில் 97 எப்படி நிறைந்தது என்று பார்த்தீர்களா? டிடிபி கடைகளில் நான் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகை மேட்டர்களும் படங்களும் டவுன்லோட்ஸில் வருடக்கணக்கில் குவிந்திருக்கும். விண்டோஸ் பெரிய அப்டேட் ஏறியிருந்தால் பழைய விண்டோஸ் தனி ஃபோல்டராகப் பல ஜிபி பிடித்திருக்கலாம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் இருந்து அழிக்கலாம். மேஜைக் கணினியில் ஹைபர்னேஷன் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) பயன்படுத்துவதே இல்லை என்றால் அதை நிறுத்திவிடுங்கள். ராம் அளவில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரே கோப்பு பிடித்துக்கொள்கிறது. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் மூன்றின் இருப்பிடத்தையும் ப்ராப்பர்ட்டீஸில் 'லொக்கேஷன்' போய் டி-க்கு மாற்றிவிட்டால் சி மறுபடி நிறையும் வேகமே குறைந்துவிடும். 25, 30 ஜிபி இதிலேயே விடுபட்டால் நான் பார்ட்டிஷனைத் தொட மாட்டேன். சுருக்கிய 100 ஜிபியை டி-யிலேயே எக்ஸ்டெண்ட் செய்து திருப்பிச் சேர்த்துவிடுங்கள். அது டி-யின் வலப்பக்கம் ஒட்டி இருப்பதால் உடனே சேரும்.

இன்னொரு வழி, செலவுள்ளது. உங்களுடையது சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு எஸ்எஸ்டி வாங்கி, குளோன்ஸில்லா போன்ற ஒன்றால் அப்படியே நகலெடுத்து மாட்டலாம். பேஜ்மேக்கர் முதல் பிரிண்டர் வரை எல்லாம் இருந்தபடியே வரும், கணினியும் துள்ளி ஓடும். பழைய டிஸ்க் தொடாமல் அப்படியே கையில் இருப்பதால் எஸ்எஸ்டியில் மேலே சொன்ன வேலையைப் பயமில்லாமல் செய்யலாம். டிஸ்க்கின் வரிசை எண்ணைப் பார்த்து உரிமம் கொடுக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அது மட்டும் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். சி-யை எக்ஸ்டெண்ட் மட்டும் செய்தால் இந்தத் தொல்லை வராது.

இன்று ராத்திரி சுத்தம் செய்யும் வேலையை மட்டும் பாருங்கள். அப்புறமும் இடம் போதவில்லை என்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் படம் எடுத்துப் போடுங்கள், சி-க்கும் டி-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிகிற மாதிரி. அதுவரை டி-யை டெலிட் செய்ய வேண்டாம்.